தலைப்பு

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் தலைப்பு.
துறைத் தலைவர் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது:
குழுவுக்கு மூவர், அறுபது எழுத்து,
பிறகு மாற்றம் கிடையாது.

எங்கள் வகுப்பில் பதினோரு குழுக்கள்
முகம் பார்த்து வருகை போடும் கேமராவைப்
பதினோரு தடவை கண்டுபிடிக்கப் போகின்றன.
தஞ்சாவூரில் ஒரு மாடிக்கடை,
நிரல், அறிக்கை, பைண்டிங்,
வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடிய இருபது கேள்விக்குப் பதில்,
எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம்.
தலைக்கு மூவாயிரம்தான், என்றாள் ஜெர்லின்.
வகுத்தல் சரியாக இருந்தது.

நீடாமங்கலம் தாண்டும்போது கண்டக்டர் வாயில்
தினம் கேட்கிற சொல் அது.
தலைப்பு ரெண்டு, தலைப்பு ஒண்ணு.
வெண்ணாறு வந்து மூன்றாகக் கிழிகிற இடம்,
மதகு தூக்கினால்தான் யாருக்கும் தண்ணீர்.
அதே தண்ணீரின் கடைமடை என் ஊர்.
ஐந்தாம் பருவத்தில் இயங்குதளம் எடுத்தபோது
வரிசையில் நின்றும் முறை வராமலே போகிற பணிக்குப்
பட்டினி என்று பெயர் சொன்னார்கள்.
நிஹாலா முழங்கையால் இடித்தாள்: உங்க ஊர்டீ.
சிரித்தேன். நோட்டில் அடிக்கோடும் போட்டேன்.

ஆக, நான் வைத்த கேள்வி:
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் வாய்க்காலுக்கு எந்தத் தேதியில் வரும்?
வழிகாட்டி உமாபதி சார்
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
டேட்டா?

டேட்டா ஒரு மதகுக் கொட்டகையில்
யூரியா சாக்குக்கு அடியில் இருந்தது.
லஸ்கர் கலியமூர்த்தி தூசி தட்டிக் கொடுத்தார்.
காலை ஆறு, மாலை ஆறு, அளவுகோல் காட்டிய எண்.
முன்பாதி அடியில், பின்பாதி மீட்டரில்.
புயலடித்த கார்த்திகை முழுக்க வெள்ளைத் தாள்.
ஒரு பக்கத்தை எலி படித்திருந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தோம்,
ஜெர்லினின் போன் சூடாகி அணைந்தது.

திங்கள் இரவு நிஹாலா அழைத்தாள்.
ஒன்பது நாள் ஒரே எண்டீ, ஒரே மை, ஒரே சாய்வு.
ஆள் வீட்ல உக்காந்து எழுதியிருக்கார்.
பொய்யான அளவீட்டைக் கண்டுபிடிக்கிற நிரல்,
அதான் நம்ம தலைப்பு!
சாருக்குப் பிடித்துப்போனது, நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.
கட்டுரையாகப் போடலாம், என்றார்,
கோவையில் ஒரு மாநாடு இருக்கிறது.

புதன்கிழமை மறுபடி போய்
தேதியைக் காட்டிக் கேட்டேன்.
கலியமூர்த்தி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.
அதுவா, டெங்கு, என்றார்.
மாத்தாளு கேட்டேன், அனுப்பலை.
கட்டம் காலியா இருந்தா மெமோ வரும்.
டீ சாப்பிடுறீங்களா?

ஊருக்கு வருகிற பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
ஒன்பதாயிரத்துக்கு வாங்கலாம் என்ற அதே ஜெர்லின்தான்
ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:
இந்தாளை மாட்டிவிடவா நாம படிச்சோம்.
நிஹாலாவுக்குக் கோபம்.
தப்பு எண் தப்பு எண்தானே, என்றாள்.
அதுவும் உண்மை.

வெள்ளி, மூன்று ஐம்பது.
படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும், கட்டம் நிறைந்துவிட்டது.
முதலில் செயற்கை நுண்ணறிவை அடித்தோம்.
டெல்டா போயிற்று. காவிரியும் போயிற்று.
மிஞ்சியதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:
ஒரு வாய்க்காலில், பதிவாகாத நாட்களின் நீர்மட்டம்.
சாருக்கு முகம் சுருங்கியது, கையெழுத்துப் போட்டார்.
அந்த ஒன்பது எண்ணையும் நிஹாலாவே அழித்தாள்.
குறிப்புக் கட்டத்தில் ஜெர்லின் தட்டினாள்: காய்ச்சல்.
எதிரே பழைய எண்களைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறாள் நிஹாலா,
எனக்குத் தெரியும்.

தலைப்பு யாரு, தலைப்பு, என்றார் கண்டக்டர்.
கோழிக்கூண்டோடு ஒருவர் இறங்கினார்.
நான் இறங்க இன்னும் முப்பது கிலோமீட்டர்.